மரதன் வீதியில்

மரதன் என்பது ஓர் ஊரின் பெயர் என்று சொன்னால் எமது வகுப்பு மாணவர் பலர் நம்ப மறுக்கின்றனர். அவர்களுக்கு அஃது ஓர் ஓட்டம். தைப்பொங்கல் முடிந்து, இல்ல மெய்வல்லுநர் போட்டிக்காகக் கல்லூரி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடத் தொடங்கும் நாட்களில், கல்லூரி வாயிலிலிருந்து புறப்பட்டு, கோயில் வீதியைச் சுற்றி, சந்தியைக் கடந்து, பனங்காணிகளுக்கு நடுவே போய்த் திரும்பி வருகின்ற ஓட்டம். பாதிப் பிள்ளைகள் வெறுங்காலுடன் ஓடுவார்கள். வேலியோரங்களிலே தாய்மார் செம்பில் தண்ணீரும் கையில் தேசிக்காய்த் துண்டுமாக நிற்பார்கள். எத்தனை மைல் என்று கேட்டால் ஒருவரும் சரியாகச் சொல்லமாட்டார். ஆயினும் பெயர் மரதன்தான்.

அந்தப் பெயர் பிறந்த மண்ணைக் கண்ணாற் காணும் வாய்ப்பு 2024 நவம்பரில் எமக்குக் கிட்டியது. ஜேர்மனியில் டோட்மண்ட் நகருக்கு அருகே வாழும் எமது தங்கையின் மகளுக்குத் திருமணம். அதற்கென விடுமுறை பெற்றுச் சென்ற நாம், திருமணம் இனிதே முடிந்த பின்னர், தங்கையின் இளைய மகனுடன் ஐந்து நாட் பிரயாணமாக ஏதென்ஸ் நகருக்குப் புறப்பட்டோம். மருமகனுக்கு வயது இருபத்தாறு. அங்கேயே பிறந்து வளர்ந்தவன். ஆயினும் வீட்டில் பேசும் தமிழ் யாழ்ப்பாணத்துத் தமிழ்தான். இரண்டு ஆண்டுகளாக நெடுந்தூர ஓட்டத்தில் அவனுக்குப் பெரும் பித்து. ஏதென்ஸ் மரதன் ஓட்டத்திற்கு முன்கூட்டியே பணங்கட்டிப் பெயர் பதிந்து வைத்திருந்தான்.

பிரயாணம் உல்லாசமாகத் தொடங்கவில்லை. விமான நிலையத்திலே எமது தங்கை எம்மைத் தனியே அழைத்து, "அண்ணை, அவன் கால் நோவோடை போறான். நான் சொன்னால் கேக்கமாட்டான். நீங்கள் பாத்துக்கொள்ளுங்கோ" என்று கண்கலங்கினாள். விடயம் என்னவென்றால், ஆவணி மாதம் வரை வாரத்துக்கு நாற்பது கிலோமீற்றர் ஓடி வந்த பிள்ளை, புரட்டாதியிலே ஒரே பாய்ச்சலாக எழுபதுக்கு ஏற்றிவிட்டான். மூன்றாம் வாரத்தில் இடது முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உட்புறத்தில், ஒரு நோவு கண்டது. முதலில் ஓட்டத்தின் இறுதியில் மட்டும், பின்பு தொடக்கத்திலேயே, பின்னர் படியேறும்போதும். வைத்தியர் பரிசோதித்துவிட்டு ஆறு வாரம் ஓய்வு என்றார். இவன் எடுத்தது நான்கு வாரம். நோவு குறைந்தது போலிருந்ததாம், ஆகவே சுகமாயிற்றாம்!

எலும்பு கல் அன்று என்பதை நாம் பலரும் மறந்துவிடுகிறோம். அது உயிருள்ள பொருள். நாள்தோறும் அதன் பழைய பகுதிகள் அரித்து நீக்கப்பட்டுப் புதிய பகுதிகள் கட்டப்படுகின்றன. பாரம் திடீரென்று கூடினால் முதலில் விரைவுபடுவது அரிப்பு. கட்டுமானம் சில வாரங்கள் பிந்தியே அதனை எட்டிப் பிடிக்கும். கூரை மாற்றுகிறவன் பழைய ஓட்டை இறக்கிவிட்டுப் புதிய ஓடு வந்து சேருமுன் மாரி தொடங்கிவிட்டால் வீட்டின் கதி என்னவோ, அதுவே அந்த வாரங்களில் எலும்பின் கதி. நெஞ்சும் தசையும் விரைவில் பழகிவிடுகின்றன. "என்னால் முடிகிறதே" என்று ஓடுகிறவனும் எண்ணிவிடுகிறான். எலும்பு மட்டும் பின்தங்கி நின்று, மயிரிழை போல வெடிக்கிறது. தொடக்கத்தில் எக்ஸ்-கதிர்ப் படத்தில் அது தெரிவதும் அரிது. இரண்டு மூன்று வாரம் கழிந்தே சிலவேளை புலப்படும். ஆனால் விரலால் அழுத்திப் பார்த்தால் ஒரு சிறு இடத்தில் மட்டும் சுருக்கென்று வலிக்கும். எலும்பின் ஓரம் நெடுகிலும் பரவலாக நோகும் சாதாரண நோவுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை அதுவே. நாமும் விமானத்தில் மருமகனின் காலை எடுத்து மடியில் வைத்து அழுத்திப் பார்த்தோம். முகம் சுளித்தான், "பெரிசா ஒண்டும் இல்லை மாமா" என்றான்.

வெள்ளிக்கிழமை காலை, ஓட்டத்துக்கு இரண்டு நாள் முன்னர், ஊரைப் பார்த்து வருவோம் என்று பஸ் ஏறினோம். ஏதென்ஸ் நகரின் பெடியோன் அரேயோஸ் பூங்காவின் பக்கத்திலிருந்து மரதனுக்கு பஸ் புறப்படுகிறது. ஓட்டக்காரர் மரதனிலிருந்து ஏதென்ஸை நோக்கி ஓடுவர். நாமோ அதே வீதியால் தலைகீழாகப் போனோம். வீதியின் மேல் நீலக்கோடு ஒன்று ஆங்காங்கு தென்பட்டது. 2004 ஒலிம்பிக் விழாவுக்கு ஓட்டப் பாதையைக் குறிக்க வரைந்த கோடு அது என்று மருமகன் காட்டினான். அகியா பரஸ்கேவி, ஸ்தவ்ரோஸ், பல்லினி, பிக்கேர்மி என்று ஊர்கள் வந்து வந்து மறைந்தன. தளபாடக் கடைகள், எண்ணெய் நிலையங்கள், மோட்டார் வாகன விற்பனை நிலையங்கள். உலகப் புகழ்பெற்ற வீதி என்று எண்ணி வருபவருக்கு முதற்பார்வையில் ஏமாற்றந்தான். எமது காங்கேசன்துறை வீதிக்கு இருக்கும் அழகுகூட இதற்கு இல்லை என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டோம்.

ரபீனாத் துறைமுகத்துக்குப் பிரியும் இடம் தாண்டியதும் கடலின் வாடை வந்தது. சற்றப்பால் மாத்தி என்னும் கரையோரக் குடியிருப்பு. 2018 ஜூலை 23ஆந் திகதி மூண்ட காட்டுத்தீ இந்த வீதியைத் தாவி அந்தக் குடியிருப்பை விழுங்கியது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கடலை நோக்கி ஓடியவருட் பலருக்கு வழி கிடைக்கவில்லை. பக்கத்து ஆசனத்தில் இருந்த மூதாட்டி ஒருவர் அந்த இடம் வந்ததும் மார்பிற் சிலுவைக் குறி இட்டுக்கொண்டார். மருமகனும் நாமும் சிறிது நேரம் பேசவில்லை.

நேயா மாக்ரி கடந்ததும் நிலம் சமதரையாக விரிந்தது. ஒருபுறம் கடல், மறுபுறம் மலை, நடுவிலே மரக்கறித் தோட்டங்களும் ஒலிவ மரங்களும். இதுவே மரதன் சமவெளி. கிரேக்க மொழியில் மரதோன் என்பது பெருஞ்சீரகச் செடியின் பெயரோடு தொடர்புடையது. அச்செடி மண்டிக் கிடந்தமையால் ஊருக்கு அப்பெயர் வந்தது என்பர். கறிக்கு இடிக்கும் பெருஞ்சீரகந்தான் எமது பிள்ளைகளின் ஓட்டத்துக்குப் பெயர் தந்திருக்கிறது என்று அறிந்தால் எமது வீட்டுக்காரி என்ன சொல்லுவாளோ என்று எண்ணிச் சிரித்துக்கொண்டோம்.

கி.மு. 490இல் பாரசீகப் படை இங்கு வந்து இறங்கியது. ஏதென்ஸ் நகரத்தாரும் பிளாத்தேயா ஊராரும் சேர்ந்து அதனை முறியடித்தனர். மாண்ட ஏதென்ஸ் வீரர் 192 பேர் என்று ஹெரோடோட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். அவர்களை எரித்த இடத்திலே எழுப்பிய மண்மேடு இன்றும் இருக்கிறது; ஏறத்தாழ ஒன்பது மீற்றர் உயரம். சுற்றிலும் ஒலிவ மரங்கள். கோபுரம் ஏதும் இல்லாத புல்மேடு. அதனைச் சுற்றி ஒருமுறை நடந்தோம். மருமகன் மெல்ல நொண்டியதை அப்பொழுதுதான் கண்டோம். நாம் பார்க்கிறோம் என்று தெரிந்ததும் நிமிர்ந்து நடந்தான்.

வெற்றிச் செய்தியை ஏதென்ஸுக்கு ஓடிச் சென்று சொல்லிவிட்டு உயிர்துறந்த தூதன் கதையை எல்லோரும் அறிவர். எமது வகுப்பிலும் ஆண்டாண்டாக அதனைச் சொல்லி வந்திருக்கிறோம். ஆனால் போருக்குக் கிட்டிய காலத்தில் வாழ்ந்த ஹெரோடோட்டஸ் அப்படி எழுதவில்லை. அவர் கூறும் ஓட்டக்காரன் போருக்கு முன்னர் உதவி கேட்டு ஸ்பார்ட்டாவுக்கு ஓடியவன். அது ஏறத்தாழ 240 கிலோமீற்றர். அவன் சாகவுமில்லை. ஓடிச் செத்த கதை பல நூற்றாண்டுகளுக்குப் பின் புளூட்டாக், லூசியன் ஆகியோர் நூல்களிலேதான் வருகிறது. உலகம் முழுவதும் பிள்ளைகளுக்குச் சொல்ல நாம் தேர்ந்தெடுத்தது ஓடி உயிரோடு திரும்பியவன் கதையை அன்று. ஓடிச் செத்தவன் கதையை. இதை அந்த மண்மேட்டின் பக்கத்தில் நின்று நினைத்தபோது எமக்கு ஒரு கூச்சம் உண்டாயிற்று. அதன் காரணத்தைப் பின்னர் சொல்கிறோம்.

முதலாவது ஒலிம்பிக் மரதன் ஓட்டம் 1896 ஏப்பிரல் 10ஆந் திகதி இங்கிருந்து புறப்பட்டது. மிஷேல் பிரேயால் என்ற பிரெஞ்சு அறிஞர் தந்த யோசனை அது. பதினேழு பேர் ஓடினர். தூரம் ஏறத்தாழ 40 கிலோமீற்றர். இன்றுள்ள 42.195 கிலோமீற்றர் 1908இல் லண்டன் ஒலிம்பிக் விழாவில் வின்சர் மாளிகையிலிருந்து அரங்கின் அரச ஆசனம் வரை அளந்ததால் வந்த கணக்கு. 1921இலேதான் அது நிலையான அளவாயிற்று. 1896இல் முதலில் முந்திச் சென்றவர் பிரான்சு நாட்டு லேர்மூசியோ. 32 கிலோமீற்றரளவில் அவர் ஓய்ந்தார். அடுத்து முந்தியவர் அவுஸ்திரேலியாவின் எட்வின் பிளாக். அதே விழாவில் 800 மீற்றரும் 1500 மீற்றரும் வென்ற வீரர். அவரும் இறுதிக் கட்டத்தில் வீதியில் விழுந்தார். குறுந்தூரம் ஓடிப் பழகிய கால்களை நெடுந்தூரத்துக்கு அப்படியே கொண்டுவந்ததன் பலன். வென்றவர் மரூசி என்ற ஊரைச் சேர்ந்த ஸ்பிரிடோன் லூயிஸ். தண்ணீர் சுமந்து விற்பவர். தொடக்கத்தில் மெதுவாக ஓடி, பிந்திப் பிந்தி வந்து, ஒவ்வொருவராகக் கடந்து, 2 மணி 58 நிமிடம் 50 செக்கனில் அரங்கை அடைந்தார். பிக்கேர்மியில் ஒரு கிண்ணம் திராட்சை ரசம் அருந்தினார் என்று ஒரு கதை உண்டு. அதைப் பின்பற்ற வேண்டாம் என்று மாணவர்களுக்குச் சொல்லிவைக்கிறோம்.

மரதனில் சிற்றுண்டிச்சாலை ஒன்றில் அமர்ந்து, மருமகன் பாதையின் ஏற்ற இறக்கப் படத்தை எமக்கு விரித்துக் காட்டினான். முதற் பத்துக் கிலோமீற்றர் சமதரை. அதன்பின் 31ஆம் கிலோமீற்றர் வரை ஏற்றம். கடல்மட்டத்துக்குக் கிட்ட இருந்து ஏறத்தாழ 250 மீற்றர் உயரத்துக்கு. அப்பால் நகரம் வரை இறக்கம். "இறக்கம் வந்தால் பிரச்சினை இல்லை மாமா" என்றான். நாம் வாசித்தறிந்தது அதற்கு மாறானது. ஏற்றத்தில் மூச்சு வாங்கும். காலை உடைப்பது இறக்கம். இறங்கும் ஒவ்வொரு அடியிலும் தொடைத்தசை நீண்டுகொண்டே உடலைத் தாங்கிப் பிடிக்கிறது. நீளும் நிலையில் உழைக்கும் தசையில் நுண்ணிய கிழிவுகள் உண்டாகின்றன. அத்தசை களைத்தபின் நிலத்தின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது யார்? எலும்புதான். முப்பது கிலோமீற்றர் ஓடிக் களைத்த காலோடு, வெடிப்பு விழத் தொடங்கிய எலும்பை இறக்கத்தில் கொண்டுபோவது எத்தகைய செயல் என்று கேட்டோம். மருமகன் படத்தை மடித்து வைத்துவிட்டுக் கோப்பியைக் குடித்தான்.

அன்றிரவு விடுதி அறையில் அவனுடைய பையிலிருந்து குளிசை அட்டை ஒன்று விழுந்தது. வீக்கத்தையும் நோவையும் தணிக்கும் டைக்குளோபெனாக். எமது ஊரிலும் மூட்டு நோவுக்குக் கடையிலே வாங்கி விழுங்குகிறார்களே, அதே மருந்து. ஓட்டத்துக்கு முன் இரண்டு போட்டுக்கொண்டால் நோவு தெரியாது என்பது அவனுடைய திட்டம். உடல் வற்றியிருக்கும் வேளையில் இத்தகைய மருந்து சிறுநீரகத்தைத் தாக்கும், வயிற்றைக் கெடுக்கும், எல்லாவற்றிலும் மோசமாக, நில் என்று காவற்காரன் கூவும் குரலை அடைத்துவிடும். இதே வீதியில் 2004 ஆவணி 22ஆந் திகதி மாலை, கடும் வெப்பத்தில், பெண்கள் மரதன் நடந்தது. உலகின் அதிவேக மரதன் வீராங்கனையாக அப்பொழுது விளங்கிய இங்கிலாந்தின் போலா ராட்கிளிஃப், சில நாட்களுக்கு முன் காலில் ஏற்பட்ட காயத்துக்காக வீக்கம் தணிக்கும் மருந்தை அதிகமாக உட்கொண்டிருந்தார். அதனால் உணவு உடலில் சேரவில்லை என்று பின்னர் அவரே கூறினார். 36ஆம் கிலோமீற்றரளவில் நின்று, வீதியோரத்தில் அமர்ந்து அழுதார். ஜப்பானின் மிசுக்கி நொகுச்சி வென்றார். எல்லாம் மருமகனுக்குத் தெரிந்த வரலாறு. "நிண்டதாலை அவவை எவ்வளவு பேசினவை தெரியுமே மாமா?" என்றான். "அதே ஆண்டு நவம்பரில் நியூயோர்க் மரதனை வென்றவர் யார்?" என்று கேட்டோம். அவன் பதில் சொல்லாமல் மின்விளக்கை அணைத்தான்.

இருட்டிலேதான் நாம் அந்தக் கதையை அவனுக்குச் சொன்னோம். வீட்டில்கூட முழுவதும் சொல்லாத கதை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நாம் இல்லப் பொறுப்பாசிரியராக இருந்தபோது, எமது இல்லத்துக்காக ஓடிய மாணவன் ஒருவன் இருந்தான். ஓட்டத்துக்கு நான்கு நாள் முன்பு அவனுக்குக் காய்ச்சல். விட்டுவிட்டது என்று வந்தான். நாமும் கேட்டு நிறுத்தவில்லை, ஏனெனில் முதலாம் இடம் அவனுக்கே என்று கணக்குப் போட்டிருந்தோம். விருந்தினர் பிந்தி வந்தமையால் ஓட்டம் ஒன்பதரை மணிக்கே தொடங்கியது. கடைசி மைலில் அவன் பக்கத்திலே நாம் சைக்கிளில் போனோம். கால்கள் பின்னின. பார்வை நிலைகுத்தியிருந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது பொருத்தமில்லாத ஏதோ ஒன்றைச் சொன்னான். அப்பொழுதும் நாம், "விடாதை, ஓடு, ஓடு" என்றே கத்தினோம். வாயிலை அடைந்ததும் விழுந்தான். உடம்பு கொதித்தது. தூக்கிச் சென்று வகுப்பறையில் கிடத்தி, ஐம்பது பேர் சூழ்ந்து நின்று, கடதாசி மட்டையால் விசிறி, வாகனத்துக்கு ஆள் அனுப்பினோம். ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவிலே பல நாள் கிடந்து பிழைத்தான். சிறுநீரகம் சீராக மாதங்கள் எடுத்தன. அவனுடைய தாயார் எம்மை ஒரு சொல்லும் ஏசவில்லை. பார்க்கச் சென்றபோது தேநீர் தந்தார். அந்தத் தேநீரை விழுங்கியது போல் வேறெதையும் நாம் சிரமப்பட்டு விழுங்கியதில்லை.

வெப்பத் தாக்கு என்பது களைப்பு அன்று என்பதைப் பின்னரே வாசித்து அறிந்தோம். உடலின் உள்வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டி, புத்தி தடுமாறத் தொடங்கினால் ஒவ்வொரு நிமிடமும் உயிர். வாகனம் தேடுவதற்கு முன் உடலைக் குளிர்விக்க வேண்டும். கழுத்து வரை குளிர்ந்த நீரில் அமிழ்த்துவதே எல்லாவற்றிலும் விரைவான வழி. முதலிற் குளிர்வி, பின்பு கொண்டுசெல் என்பதே இன்று வைத்தியர் கூறும் விதி. எமது கல்லூரியின் கிணற்றடித் தொட்டி அந்த வகுப்பறையிலிருந்து முப்பது யார் தூரத்தில் நிறைந்து கிடந்தது.

காய்ச்சலும் அற்ப விடயம் அன்று. சில கிருமிகள் இதயத்தசையையே அழற்சியடையச் செய்யும். அந்நிலையில் ஓடினால் இதயம் திடீரென்று தாளம் தவறலாம். பிறவியிலேயே இதயத்தசை தடித்த பிள்ளைகளும் உளர். ஓடும்போது மயக்கம் வருதல், குடும்பத்தில் இளவயதில் எவரேனும் திடீரென்று இறந்திருத்தல் ஆகியவை எச்சரிக்கை. 2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டத்தில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் கலந்துகொண்ட மாணவன் ஒருவன் உயிரிழந்தான் என்ற செய்தியை ஆசிரியர் அறையில் வாசித்த அன்று, பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு நாம் அடுத்த பாடத்துக்குப் போகவில்லை.

மருமகன் நெடுநேரம் பேசாதிருந்தான். பிறகு, "மாமா, நான் ஓடுவன். ஆனால் குளிசை போடமாட்டன்" என்றான். அவ்வளவே எம்மால் பெற முடிந்தது.

ஞாயிறு விடியற்காலை அவன் மற்ற ஓட்டக்காரருடன் பஸ்ஸிலே மரதனுக்குப் போனான். ஒன்பது மணிக்கு ஓட்டம். வீதி மூடப்பட்டிருந்தமையால் நாம் நிலக்கீழ்ப் புகையிரதத்தில் பல்லினி வரை சென்று, அங்கிருந்து நடந்து பாதையோரத்தில் இடம் பிடித்தோம். மருமகன் பதினொன்றரை மணியளவில் அவ்விடம் வரவேண்டும். கையில் ஒரு பை. அதற்குள் தோடம்பழமும் கம்பளிச் சட்டையும்.

வீதியின் அழகு அன்றுதான் தெரிந்தது. வெள்ளியன்று நாம் குறை சொன்ன அந்தக் கடைகளின் முன்னெல்லாம் குடும்பம் குடும்பமாக மக்கள். குழந்தைகள் கையை நீட்டி ஓட்டக்காரரின் கையைத் தட்டினர். "பிராவோ, பிராவோ" என்ற ஒலி ஓயவில்லை. சிலர் ஒலிவக் கிளையை ஏந்தி ஓடினர். முதலில் மெலிந்த உடலினர் காற்றுப்போல் போயினர். பின்பு சாதாரண மக்கள்: நரைத்தவர், தடித்தவர், தள்ளாடுபவர், சிரிப்பவர். தண்ணீர் வைத்த மேசையில் சிலர் போத்தல் போத்தலாகக் குடித்தனர். தாகத்துக்கு மேல் குடிப்பதும் ஆபத்து என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2002இல் பொஸ்டன் மரதன் முடிவில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, நூற்றுக்குப் பதின்மூவருக்கு இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்திருந்தது. ஓடும்போது உடல் எடை கூடும் அளவுக்குக் குடித்தவருக்கே அது பெரும்பாலும் நேர்ந்தது. முற்காலத்திலோ மறுகோடி. 1904இல் செயின்ட் லூயிஸ் நகரில் தண்ணீர் கிடைத்த இடமே சொற்பம். முப்பத்திரண்டு பேர் தொடங்கிப் பதினால்வரே முடித்தனர். வென்றவருக்கு வழியிலே எட்டிச்சத்தும் பிராந்தியும் கொடுத்து நடத்தி வந்தனர். 1912இல் ஸ்டொக்ஹோமில் போர்த்துக்கல் நாட்டு பிரான்சிஸ்கோ லாசரோ வெயிலுக்குக் காப்பு என்று உடம்பில் கொழுப்புப் பூசி ஓடினார். வியர்வை வெளிவர வழியில்லை. விழுந்து, மறுநாள் இறந்தார். தாகம் எடுத்தாற் குடி, இல்லையேல் விடு என்ற எளிய வழக்கத்துக்கு வந்து சேர ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

பதினொன்றரை ஆயிற்று. பன்னிரண்டும் ஆயிற்று. பன்னிரண்டு மணி பத்து நிமிடத்துக்கு அவன் வந்தான். தூரத்திலேயே தெரிந்தது. இடது கால் நிலத்தைத் தொட்டதும் தொடாததுமாக வலது காலுக்குத் தாவினான். உதடு கடித்திருந்தது. பக்கத்தில் நின்ற கிரேக்கர் எல்லோரும் அவனைப் பார்த்து, "பிராவோ" என்று உற்சாகமாகக் கைதட்டினர். அந்தக் கைதட்டல் எமக்கு எமது சொந்தக் குரலாகவே கேட்டது.

எம்மைக் கண்டதும் அவன் வேகத்தைக் குறைத்தான், நிற்கவில்லை. நாம் கயிற்றுக்குக் கீழே குனிந்து வீதியில் இறங்கி அவன் பக்கத்தில் நடந்தோம். "இன்னும் ஆறு கிலோமீற்றர் ஏற்றம், பிறகு இறக்கம்தானே மாமா" என்றான். "தம்பி, நில்" என்றோம். "ரண்டு வருசமாய்..." என்றான். "தெரியும். நில்." வேறெதுவும் எமக்குச் சொல்லத் தெரியவில்லை. இருபது முப்பது அடி அப்படியே போனோம். பிறகு அவன் நின்றான். நடைபாதை விளிம்பில் அமர்ந்து முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். நாம் கம்பளிச் சட்டையைப் போர்த்தி, தோடம்பழத்தை உரித்துக் கொடுத்தோம். முதலில் வாங்கவில்லை. பிறகு முழுவதையும் தின்றான்.

பிற்பகல் அரங்குக்குச் சென்றோம். பென்டெலி மலைப் பளிங்கினால் ஆன, குதிரை லாடம் போல் வளைந்த பனதினைகோ அரங்கு. 1896இல் லூயிஸ் ஓடி வந்து முடித்த அதே இடம். அதற்குக் கிட்ட, பெருந்தெரு ஓரத்திலே, கண்ணாடித் தகடுகளை அடுக்கிச் செய்த மாபெரும் ஓட்டக்காரன் சிலை ஒன்று நிற்கிறது. அண்மையில் சென்று பார்த்தால் கண்ணாடித் துண்டுகள், தொலைவில் நின்றால் காற்றைக் கிழிக்கும் மனிதன். மருமகன் அரங்கின் உள்ளே வர மறுத்து வாயிலில் நின்றான். பின்னர், ஆறு மணித்தியாலம் கடந்தும் ஓடி வந்துகொண்டிருந்த முதியவர் ஒருவருக்காக எல்லோரும் எழுந்து நின்றபோது, அவனும் உள்ளே வந்து கைதட்டினான்.

திங்கட்கிழமை அக்குறோபோலிஸ் குன்றில் ஒரு வேடிக்கை கண்டோம். கழுத்திலே பதக்கத்துடன் பலர் படிகளைப் பின்பக்கமாகத் திரும்பி இறங்கிக்கொண்டிருந்தனர்! முதல்நாள் இறக்கத்தின் கைங்கரியம். அத்தொடை நோவு ஒன்று முதல் மூன்று நாளில் உச்சமடைந்து, தானே தணியும். மெல்ல நடத்தல், நல்ல உணவு, நீண்ட உறக்கம், இவற்றுக்கு மேலான மருந்து அதற்கு இல்லை. எமது பரியாரியாரின் எண்ணெய்த் தடவலும் சுகந்தான். ஆனால் புண்பட்ட தசையை அழுத்திப் பிசைவதை ஓரிரு நாள் ஒத்திவைக்கலாம். ஓடுமுன் வெகுநேரம் தசையை இழுத்துப் பிடித்து நிற்பதால் காயம் தவிர்க்கப்படும் என்று நாம் மாணவருக்குச் சொல்லி வந்ததற்கும் சான்று கிடைக்கவில்லை. மெதுவாக ஓடி உடலைச் சூடேற்றுவதே பயன். கெண்டைக்காலுக்கும் இடுப்புக்கும் வலுவூட்டும் பயிற்சியும், தூரத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டுவதும், ஓடும் அளவுக்கு உண்பதும் எலும்பைக் காக்கும். மெலியவேண்டும் என்று உணவைக் குறைத்து ஓடும் பெண்பிள்ளைகளுக்கு மாதவிலக்கு நின்றுபோனால், எலும்பு தேயத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது அறிகுறி. தாய்மார் அதனை வெட்கத்தால் மறைத்தல் கூடாது.

ஜேர்மனி திரும்பியதும் காந்தப் படம் எடுத்தனர். முன்னெலும்பில் மெல்லிய வெடிப்புக் கோடு. இன்னும் முழுக்க ஊடறுக்கவில்லை. எட்டு வாரம் ஓட்டம் இல்லை. நோவின்றி நடக்க முடிந்தபின் சைக்கிளும் நீச்சலும் என்றார் வைத்தியர். மருமகன் தொலைபேசியில் இதனைக் கூறிவிட்டு, "அம்மாட்டைச் சொல்லாதையுங்கோ, நீங்கள் சொன்னது சரியெண்டு" என்றான்.

2025 ஜனவரியில் எமது கல்லூரி மரதன் காலை ஆறு மணிக்கே புறப்பட்டது. விருந்தினர் வருமுன்னரே புறப்பட்டதில் சிலருக்கு மனத்தாங்கல். முதல் வாரத்திலேயே ஒவ்வொரு பிள்ளையிடமும் காய்ச்சல், மயக்கம், குடும்ப நோய் பற்றிக் கேட்டு எழுதினோம். டெங்குக் காய்ச்சலால் கிடந்து எழும்பிய இருவரையும், சளிக் காய்ச்சல் கண்ட இருவரையும் நிறுத்தினோம். ஒருவனின் தந்தையார் வந்து, "எங்கடை காலத்திலை இதெல்லாம் பாத்தே ஓடினனாங்கள்?" என்று கோபித்தார். அவரை அமரச் செய்து தேநீர் கொடுத்தோம், முடிவை மாற்றவில்லை. ஒவ்வொரு மைலிலும் தண்ணீர். பின்னே முதலுதவிப் பிள்ளைகள் சைக்கிளில். வாயிலுக்கு அருகே பெரிய தொட்டி ஒன்றை நிரப்பி, கடற்கரை மீன் வாடியிலிருந்து தருவித்த ஐஸ் கட்டிகளையும் பெட்டியில் தயாராக வைத்திருந்தோம்.

தொட்டியைப் பயன்படுத்த நேரவில்லை. ஓட்டம் முடிந்ததும் ஆறாந் தரத்துச் சிறுவர் அதற்குள் குதித்து, ஐஸ் கட்டிகளை ஒருவர் முதுகிலே ஒருவர் போட்டுக் கூச்சலிட்டனர். மீன் மணக்கிறது என்று ஒருவன் மூக்கைப் பொத்தினான். இன்னொருவன் தலையை வெளியே நீட்டி, "சேர், அந்த மரதன் ஊரிலையும் இப்பிடித் தொட்டி வைச்சிருந்தவையே?" என்று கேட்டான்.